திரும்பும் கோடு

செப்டம்பர் 26, 2068, புதன், காலை 6:00
மின்னூட்டம் 100. திரும்பும் கோடு: துறைமுகத்தில் இருப்பதால் இல்லை. காற்றழுத்தம் 1011.

படகு: மரிய கொரற்றி. மின்காப்பாளர்: ஆ. டெல்பின், வயது 15, பத்தாம் வகுப்பு.

இந்தப் பதிவேட்டைப் படிக்கும் பரிசோதகருக்கு வணக்கம். முதல் பக்கத்தில் 'சொந்த வாக்கியங்களில் எழுதவும்' என்று அச்சிட்டிருக்கிறது. அதனால் இப்படி எழுதுகிறேன். அதிகமானால் மன்னிக்கவும். பள்ளியிலும் எனக்குக் கூடுதல் தாள் கேட்கிற பழக்கம் உண்டு.

படகில் மூன்று பேர். அப்பா ஆன்றோ, படகின் தலைவர். சுபின் மாமா, அம்மாவின் தம்பி. பிறகு நான். காலாண்டு விடுமுறை என்பதால் வந்திருக்கிறேன். சான்றிதழ் பெற்ற மின்காப்பாளர் ஒருவர் இல்லாமல் எந்தப் படகும் துறையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் படகுகள் நாற்பது, மின்காப்பாளர்கள் பதினொரு பேர். ஜூன் மாதம் பள்ளியில் நடந்த தேர்வில் நான் தேறினேன். அம்மாவுக்கு விருப்பமில்லை. பத்து நாள்தானே என்று மாமா அவளைச் சம்மதிக்க வைத்தார்.

கீழ்த்தளத்தில் இருபத்துநான்கு உப்பு மின்கலங்கள் இருக்கின்றன. நாங்கள் 'பெட்டி' என்போம். மோட்டார், விளக்கு, கயிறு இழுக்கும் சுருளை, வானொலி எல்லாம் இவற்றில்தான் ஓடுகின்றன. கூரையில் சூரியத் தகடுகள் உள்ளன. கடல் காற்றில் உப்பு படிந்து, தானாக அளக்கும் கருவிகள் தவறாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் நான் கையால் அளந்து, எண்ணை இந்தப் பதிவேட்டின் திரையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மோட்டார் அந்தக் கையெழுத்தை மட்டுமே நம்பும்.

இது ஏன் என்று பாடத்தில் படித்தேன். நான் பிறப்பதற்கு முன்பு வானத்தில் இருந்த செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. அதன் பிறகு கடலில் ஒரு படகு எங்கே இருக்கிறது என்று மேலிருந்து சொல்ல எதுவும் இல்லை. மின்னூட்டம் தீர்ந்து நின்ற படகுகளைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகள் அப்படி. அதற்காகத்தான் திரும்பும் கோடு வந்தது. கரைக்குத் திரும்ப எவ்வளவு மின்னூட்டம் வேண்டும் என்று படகு கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். நான் எழுதும் எண் அந்தக் கோட்டைத் தொட்டால் படகு தானே கரைக்குத் திரும்பிவிடும். அதற்குமேல் யார் சொன்னாலும் கேட்காது.

நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

செப்டம்பர் 27, வியாழன், மாலை 5:00
மின்னூட்டம் 78. கோடு 30. காற்றழுத்தம் 1011.

கரையிலிருந்து 105 கடல் மைல். தூண்டில்கள் கட்டிய நீளமான வடத்தைக் கடலில் இறக்கியாகிவிட்டது. பெட்டிகளின் நாற்பத்தெட்டு முனைகளையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, மசை பூசினேன். நான் பூசவில்லை, மாமா பூசினார். நேற்று அனுமதி இல்லாமல் மின்விசிறி போட்டதற்காக நான் கொடுத்த தண்டனை.

வானொலியில் வந்தவற்றை எழுத வேண்டும் என்பது விதி. பக்கத்தில் நிற்கும் 'சமுத்திர ராணி' படகின் ஜெர்பின் அண்ணன் பேசினார்.

ஜெர்பின்: "ஆன்றோ, கேக்குதா? ஒனக்க படகுல வாத்தியாரம்மா ஒருத்தி ஏறியிருக்காளாமே. பிரம்பு கொண்டு வந்திருக்காளா?"

அப்பா: "பிரம்பு எதுக்குலே. அவ கண்ணு போதும்."

மாமா: "ஜெர்பினே, நாப்பத்தெட்டு முனை! எனக்க கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை தடவை குனியல்ல."

ஜெர்பின்: "பிள்ளைய எங்க படகுக்கு விடுங்கடே. இங்க ஒருத்தன் பெட்டி மேல மீன் காயப் போட்டுருக்கான்."

உண்மையா என்று கேட்டேன். சிரித்தார்கள். அது உண்மை என்றால் தயவுசெய்து அந்தப் படகைப் பரிசோதிக்கவும்.

செப்டம்பர் 29, சனி, மாலை 6:00
மின்னூட்டம் 83. கோடு 30. காற்றழுத்தம் 1010.

மாமா முன்னறையில் இருந்த செருகுமுனையில் பாட்டுப்பெட்டியை, அதாவது பாட்டும் மேட்சும் கேட்கிற சின்ன வானொலியை, மாட்டியிருந்தார். இரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. சிறிய அளவுதான், இருந்தாலும் விதி விதிதான். செருகுமுனையைக் கழற்றி என் மேசைக்குள் வைத்துவிட்டேன். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மேட்ச் இருக்கு" என்று கெஞ்சினார். எங்கள் ஊர் கால்பந்து அணி இறுதிப்போட்டியில் ஆடுகிறது. மாமா ஒரு காலத்தில் அதன் கோல்கீப்பர். நான் அசையவில்லை. அப்பாவிடம் போனார். அப்பா என் பக்கம் நின்றார்.

மூன்று மிதவை உடுப்புகளுக்கும் நூறு வரை மின்னேற்றினேன். ஒன்று அப்பாவுக்கு, இரண்டு எனக்கு, மூன்று மாமாவுக்கு. ஒவ்வோர் உடுப்பிலும் ஒரு குரல் பெட்டியும் சின்ன மின்கலமும் உண்டு. கடலில் விழுந்தால் அதுவே படகைக் கூப்பிடும். என் மேசைக்கு மேலே உள்ள தாங்கியில் மாட்டினால் எவ்வளவு மின்னூட்டம் என்று பலகையில் தெரியும். கடலிலிருந்து பேசினால், பேச்சு முடியும்போதுதான் மீதம் பலகைக்கு வரும்.

செப்டம்பர் 30, ஞாயிறு, மாலை 6:00
மின்னூட்டம் 85. கோடு 30. காற்றழுத்தம் 1010.

நாலேகால் மணிக்கு மேலே ஒரு கூச்சல் கேட்டது. பெரிய மீன் ஏறிவிட்டது என்று ஓடினேன். மீன் எதுவும் இல்லை. அப்பாவும் மாமாவும் கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, செபம் சொல்வதுபோல முகத்தை வைத்திருந்தார்கள்.

இருவரும் சேர்ந்து எனக்கு மீன் வறுத்துக் கொடுத்தார்கள். பெரிய துண்டு எனக்கு.

அக்டோபர் 2, செவ்வாய், மாலை 5:30
மின்னூட்டம் 70. கோடு 30. காற்றழுத்தம் 1006.

நேற்றிலிருந்து வானம் மூடியிருக்கிறது. தகடுகளில் வெயில் இல்லை. உடுப்பு உட்பட சின்ன மின்னேற்றங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். காற்றழுத்தம் ஒரே நாளில் நான்கு இறங்கியிருக்கிறது.

ஜெர்பின்: "ஆன்றோ, எனக்கு இந்த மானம் மூடிக் கிடக்கது பிடிக்கல்ல. நாங்க பெயிட்டு வாறோம். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள கரைல நிக்கணும், அதுக்கு மேல கடல்ல நிக்க முடியாது."

அப்பா: "வடம் உள்ள கிடக்கு. வெளுக்கிறதுக்குள்ள எடுத்துட்டு நாங்களும் வந்துருவோம்."

ஜெர்பின்: "வாத்தியாரம்மாட்ட பெர்மிசன் கேட்டியா?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளை காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினைந்து மணி நேரத்தில் கரை. முப்பது போதும். கையில் அறுபதுக்குமேல் இருக்கும். அனுமதி கொடுத்தேன்.

அக்டோபர் 3, புதன், காலை 6:25
மின்னூட்டம் 66. கோடு 30. காற்றழுத்தம் 1004.

மாமாவைக் காணவில்லை.

நாலரை மணிக்கு மாமா வடம் இழுக்கத் தொடங்கினார். அப்பா தன் முறை முடித்துத் தூங்கினார். ஆறு மணிக்கு நான் எழுந்து பெட்டிகளை அளந்தேன். இருபத்துநான்கையும் அளந்துவிட்டுத்தான் மேலே போனேன். சுருளை ஓடிக்கொண்டிருந்தது. தூண்டில்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்து, எடுக்க ஆளில்லாமல், உருளையைச் சுற்றி மறுபடியும் கடலில் விழுந்துகொண்டிருந்தன.

பலகையில் மூன்றாம் உடுப்பின் இடம் காலி. அது தாங்கியில் இல்லை என்றால் அவர் போட்டிருக்கிறார். போட்டிருந்தால் அது ஏன் கூப்பிடவில்லை?

ஜெர்பின் அண்ணனின் படகு இந்நேரம் வானொலி எட்டாத தூரத்தில் இருக்கும். வந்த வழியே திரும்பிப் போகிறோம்.

காலை 7:45
மின்னூட்டம் 63. கோடு 30.

உயிரோடு இருக்கிறார். வானொலியில் 7:40க்கு வந்தது:

மாமா: "எக்கி டெல்பினே. கேக்குதா? சுபின் மாமனாக்கும்."

நான்: "மாமா! எங்க இருக்கீங்க?"

மாமா: "கடலுக்குள்ள. வேற எங்க இருப்பேன். தூண்டில் சட்டைக் கையில மாட்டி இழுத்துட்டு. தலை பலகைல இடிச்சது. இப்பத்தான் பொழுது விடிஞ்சிருக்கு எனக்கு."

நான்: "உடுப்புல எத்தனை காட்டுது?"

மாமா: "செவப்பு லைட்டு. ஒம்பது."

நான்: "சனிக்கிழம நூறு இருந்துச்சே மாமா."

மாமா: "மேட்ச் கேட்டோம் மக்ளே. நீ பிளக்கைப் பிடுங்கிட்ட, உடுப்புல ஒரு ஓட்டை இருந்துது. பாட்டுப்பெட்டியை அதுல சொருகிட்டோம். ஒங்கப்பனும்தான், என்னை மட்டும் ஏசாத. ரெண்டுக்கு ஒண்ணு ஜெயிச்சோம்."

பத்துக்குக் கீழே போனால் உடுப்பு தானாகக் கூப்பிடாது. மிச்சத்தைச் சேமித்துக்கொள்ளும். கையால் அழுத்தினால்தான் பேசும். தாங்கியில் மாட்டினால் பலகை எனக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மாமா அதை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முன்னறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை இருபத்துநான்கு பெட்டிகளையும் அளந்தேன். தாங்கி காலியாக இருந்தபோதெல்லாம் அவர் போட்டிருக்கிறார் என்றே நினைத்தேன்; அந்த ஆணியை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

ஒரு நிமிடப் பேச்சுக்கு மின்னூட்டம் ஒன்று குறையும். இரண்டு நிமிடம் பேசிவிட்டோம். இப்போது ஏழு. இனிப் பேசக் கூடாது, ஒன்பதிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை பொத்தானை அழுத்திச் சும்மா விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரிடம் கடிகாரம் இருக்கிறது.

மாமா: "செரி டீச்சர்."

அதற்கும் கொஞ்சம் செலவானது.

காலை 9:10
மின்னூட்டம் 61. கோடு 30. காற்றழுத்தம் 1003.

சரியாக ஒன்பது மணிக்குச் சத்தம் வந்தது. கூரையில் வளைய ஏரியல் ஒன்று இருக்கிறது. அதை என் மேசையிலிருந்து கைப்பிடியால் சுற்றலாம். எந்தப் பக்கம் திருப்பும்போது சத்தம் அடங்குகிறதோ அதை வைத்துத் திசை கண்டுபிடிக்கலாம். எவ்வளவு தூரம் என்பது மட்டும் தெரியாது. தென்மேற்கு. வரைபடத்தில் ஒரு கோடு போட்டேன்.

அப்பா கொடிமரத்தில் ஏறி நிற்கிறார். நான் கீழே இருந்து சுக்கானைத் திருப்புகிறேன். எங்களுக்கு நடுவே உள்பேசி இருக்கிறது. அதில் வருபவற்றையும் எழுத வேண்டும்.

அப்பா: "என்ன சொன்னான்?"

நான்: "பேசல்லப்பா. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

அப்பா: "நான்தான் சொருகச் சொன்னேன். அவன் சொல்லியிருக்க மாட்டான்."

காலை 10:10
மின்னூட்டம் 59. கோடு 31.

ஏழு மைல் தள்ளி வந்து பத்து மணிச் சத்தத்துக்கு இரண்டாவது கோடு போட்டேன். இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டுகின்றன. ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும். அரையாண்டுத் தேர்வில் வரும் கணக்கு. ஆறு மைல். மூன்று தடவை சரிபார்த்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் "எனக்க மக்ளே" என்றார்.

காலை 11:25
மின்னூட்டம் 56. கோடு 33. காற்றழுத்தம் 1001.

நான் குறித்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது.

கணக்கு சரி. ஆனால் ஒன்பது மணிக் கோடு போட்டபோது இருந்த மாமா பத்து மணிக்கு அங்கே இல்லை. நீரோட்டம் அவரை நகர்த்தியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் முக்கோணத்தின் முனைகள் நகர்வதில்லை.

பதினொரு மணிச் சத்தத்தை ஓடும்போதே பிடித்தேன். இப்போது நேர் தெற்கு. நீரோட்டத்தையும் சேர்த்து மறுபடியும் போடுகிறேன். அலை பெரிதாகிவிட்டது. இரண்டு அலைக்கு நடுவில் ஓர் ஆளின் தலை இருந்தால், அலை உயரும்போது மட்டும்தான் தெரியும். நாமும் அந்த நேரத்தில் உயர்ந்திருக்க வேண்டும்.

பிற்பகல் 1:10
மின்னூட்டம் 53. கோடு 36. காற்றழுத்தம் 999.

பன்னிரண்டு மணிச் சத்தம் வந்தது. ஒரு மணிச் சத்தம் வந்தது, ஆனால் அதோடு பேச்சும் வந்தது.

மாமா: "மக்ளே, ஏசாத. வாய் சும்மா இருக்கமாட்டேங்குது. தனியா இருந்தா எனக்குப் பேச்சு வரும்."

நான்: "மாமா, பேசாதீங்க. ப்ளீஸ்."

மாமா: "அக்காட்ட என்ன சொல்லி ஒன்னைக் கூட்டிட்டு வந்தேன் தெரியுமா? இவ வந்தா நாங்க பத்திரமா இருப்போம்னு சொன்னேன். அது நெசந்தான், கேட்டியா."

நான்: "அணைங்க மாமா."

அணைத்துவிட்டார். உடுப்பில் மீதம் ஐந்து. அவர் பேசும்போது வளையத்தைச் சுற்றி நல்ல திசை எடுத்தேன். தெற்கு, கொஞ்சம் கிழக்கு. அவர் பேசியதில் இந்த ஒரு நன்மை. இருந்தாலும் அவரை அணைக்கச் சொன்னது சரிதான். சரிதான் என்று நினைக்கிறேன்.

காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கரையும் அந்தப் பக்கம்தான். எதிர்க்காற்றில் மோட்டார் அதிகம் குடிக்கும் என்பதால் கோடு உயர்ந்துகொண்டே வருகிறது. காலையில் முப்பதில் இருந்தது.

பிற்பகல் 2:15

இரண்டு மணிச் சத்தம் வரவில்லை.

பிற்பகல் 3:15
மின்னூட்டம் 49. கோடு 41. காற்றழுத்தம் 997.

மூன்று மணிச் சத்தம் வரவில்லை.

அப்பா: "டெல்பினே, வந்துதா?"

நான்: "இல்லப்பா."

அப்பா: "சார்ஜ் தீர்ந்திருக்குமோ?"

நான்: "அஞ்சு இருக்குப்பா. தீராது."

அப்பா: "அப்ப பொத்தானை அமத்த முடியாமக் கிடக்கான்."

கடைசித் திசையில் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறோம். ஒரு பக்கம் அரை மைல், திரும்பி அரை மைல். அப்பா கொடிமரத்திலிருந்து ஆறு மணி நேரமாக இறங்கவில்லை. தண்ணீர் கொடுக்க ஏறினேன். அவர் கண்கள் உப்பில் சிவந்து வீங்கியிருந்தன. தண்ணீரைக் குடிக்கவில்லை, முகத்தில் அடித்துக்கொண்டார்.

பிற்பகல் 4:15
மின்னூட்டம் 47. கோடு 43. காற்றழுத்தம் 996.

வரவில்லை.

ஒரு விஷயத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். செருகுமுனையை நான் கழற்றாமல் இருந்திருந்தால் அவர்கள் அதில் மேட்ச் கேட்டிருப்பார்கள். பெட்டிகளில் அரை சதவீதம்கூடக் குறைந்திருக்காது. உடுப்பு நூறில் இருந்திருக்கும். விழுந்த நிமிடமே கூப்பிட்டிருக்கும். காலை ஆறு மணிக்குள்ளேயே தூக்கியிருப்போம். இந்நேரம் பாதி வழிக்குமேல் போயிருப்போம்.

இது என் கருத்து இல்லை. கணக்கு.

மாலை 5:10
மின்னூட்டம் 45. கோடு 45. காற்றழுத்தம் 995.

படகு திரும்பிவிட்டது.

மூன்று தடவை அளந்தேன். முதல் தடவை 45, இரண்டாவது தடவை 45, மூன்றாவது தடவையும் 45. எழுதிக் கையெழுத்திட்டேன். சுக்கான் என் கையிலிருந்து விலகித் தானே சுழன்றது. கரைக்குப் பதினைந்து மணி நேரம், மணிக்கு மூன்று வீதம். ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றும் குறைவுமில்லை.

அப்பா: "அளவு சரிதானா மக்ளே?"

நான்: "சரிதாம்ப்பா."

அப்பா: "ரெண்டு தடவை எடுத்தியா?"

நான்: "மூணு தடவை."



படகு திரும்பிய அரை மணி நேரத்துக்குள் ஒரு திருத்தம் எழுதலாம் என்று விதி இருக்கிறது. தவறாக அளந்திருந்தால் சரிசெய்வதற்காக. நான் தவறாக அளக்கவில்லை. 5:40 வரை நேரம் இருக்கிறது.

மாலை 5:31
மின்னூட்டம் 44. கோடு 44.

5:25க்கு வானொலியில் வந்தது. ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறேன்.

மாமா: "டெல்பினே. தூங்கிட்டேன் மக்ளே. இல்ல, மயங்கிட்டேனோ என்னமோ. கொடி தெரியுது எனக்கு. நம்ம கொடிதான். அது ஏன் முதுகைக் காட்டிட்டுப் போவுது?"

நான்: "மாமா! இருங்க. இருங்க மாமா. திருப்புறேன். அம்பத்திரண்டுன்னு திருத்தம் எழுதினா படகு என் பேச்சைக் கேக்கும். இந்தா எழுதுறேன்."

மாமா: "நெசத்துல எவ்வளவு?"

நான்: "எழுதுறேன் மாமா, ஒரு நிமிசம்."

மாமா: "நெசத்துல எவ்வளவு, பிள்ளே?"

நான்: "நாப்பத்தி நாலு."

மாமா: "எதிர்க்காத்துக்கு எவ்வளவு குடிக்குது?"

நான்: "மணிக்கு மூணு."

மாமா: "அத்தான் எங்க?"

நான்: "மேல. கொடிமரத்துல."

மாமா: "நான் பேசுறது அவருக்குக் கேக்குமா?"

நான்: "கேக்காது. எனக்கு மட்டுந்தான்."

மாமா: "ம். இருட்டப் போவுது. இந்த அலைல என்னைக் கண்டுபிடிக்க ரெண்டு மணிக்கூறு ஆவும், அதுவும் கிடைச்சாத்தான். எனக்குப் படிப்பு இல்ல மக்ளே, மூணால பெருக்கத் தெரியும்."

நான்: "மாமா, பொத்தானை விடாதீங்க. அமத்திப் பிடிங்க. நான் திசை எடுக்கணும்."

மாமா: "நீ ஒண்ணும் எழுத வேண்டாம். என்ன? நல்ல பிள்ளை."

இதோடு நின்றது.

அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் என் கை திருத்தப் படிவத்தின் பேனாவில் இருந்தது. ஏரியலின் கைப்பிடியில் இல்லை. அதனால் என்னிடம் திசை இல்லை. கொடி தெரிகிற தூரம் என்றால் இரண்டு மைலோ மூன்று மைலோ. எந்தப் பக்கம் என்று தெரியாது.

பலகையில் வந்திருப்பது: மிதவை உடுப்பு 3. மீதம் 2. கையால் அணைக்கப்பட்டது.

மின்னூட்டம் தீர்ந்து நின்றால் பலகையில் வேறு மாதிரி வரும்.

5:29க்கு உள்பேசியில்:

அப்பா: "மக்ளே, கீழ பேச்சுச் சத்தம் மாதிரிக் கேட்டுது. அவனா?"

நான்: "இல்லப்பா."

அப்பா: "கேட்டுதே."

நான்: "இரைச்சல்ப்பா. காத்துல வானொலி இரையுது. நான்தான் அதுகூடப் பேசிட்டு இருந்தேன்."

மாலை 5:40

திருத்தத்துக்கான நேரம் முடிந்தது. படிவம் காலியாக இருக்கிறது.

5:29க்கு நான் சொன்னது பொய். படகில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அப்பா அம்பத்திரண்டு என்று எழுதச் சொல்வார். நான் எழுதுவேன். இரண்டு மணி நேரம் தேடினால் கரைக்கு இருபது மைலுக்கு முன்னால் மோட்டார் நின்றுவிடும். நாளை மதியம் அந்த இருபதாவது மைலில்தான் புயலும் இருக்கும். மாமா இதையெல்லாம் தண்ணீருக்குள் இருந்துகொண்டே கணக்குப் போட்டுவிட்டார். நான் மேசையில் உட்கார்ந்துகொண்டு போடாமல் இருந்தேன்.

பரிசோதகர் அவர்களே, இந்தப் பதிவேடு உங்களிடம்தான் வரும். படித்துவிட்டு உங்களுக்குத் தேவையானதைச் செய்யுங்கள். என் சான்றிதழை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள். 5:25க்குப் பிறகு எழுதிய பக்கங்களை மட்டும் எங்கள் வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். அம்மாவிடம்

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

மாலை 6:00
மின்னூட்டம் 42. கோடு 42. காற்றழுத்தம் 994.

இருபத்துநான்கு பெட்டிகளும் அளக்கப்பட்டன. முனைகள் சுத்தம். குறைபாடு இல்லை.

வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். எல்லாப் பக்கமும் ஒரே இரைச்சல்.

அப்பா இன்னும் கொடிமரத்தில்தான் இருக்கிறார். படகு போகும் திசையைப் பார்க்கவில்லை, பின்பக்கம் திரும்பி நிற்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, சத்தம் ஏதாவது வந்ததா என்று கேட்கிறார். நான் இல்லை என்கிறேன்.

இன்னும் பதினான்கு மணி நேரம் இருக்கிறது.